தொட்டிலுக்கு வந்த பூஞ்சை

பச்சிளங்குழந்தையின் நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர்த் திட்டுப்போலப் படியும் வெண்புண்ணை நம் நாட்டு வைத்தியம் அக்கரம் என்றது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், கைவிடப்பட்ட சிசுக்களை வளர்த்த ஐரோப்பியக் காப்பகங்களில் இது பேரச்சம் தந்த நோய். கெட்ட பாலும் குழந்தையின் உடல்வாகும்தான் காரணம் என்று பல மருத்துவர்கள் எண்ணினார்கள்.

ஸ்டாக்ஹோம் மருத்துவர் ஃபிரெட்ரிக் தியோடர் பெர்க், 1841இல் அந்த வெண்படலத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அது பூஞ்சை இழைகளின் பின்னல் என்று அறிவித்தார். மறு ஆண்டு பாரிஸில் டேவிட் க்ரூபியும் அதையே கண்டார். பெர்க் அத்துடன் நிற்கவில்லை. படலத்தை நலமாயிருந்த குழந்தைகளின் வாயில் வைத்து, நோய் ஒட்டிக்கொள்வதைக் காட்டினார். வேண்டாம் என்று சொல்லத் தெரியாத சிசுக்கள்மேல் நடந்த சோதனை அது. இன்று எந்த மருத்துவமனையும் அதற்கு இடம் தராது. ஆனாலும் நோய் தொற்றிப் பரவுவது என்ற உண்மை அதில்தான் உறுதிப்பட்டது. இந்தப் பூஞ்சைக்குக் கேண்டிடா என்ற பெயர் வந்தது 1923இல். வாயோடு நில்லாமல், ஈரத்துணி உரசும் தொடையிடுக்கில் செந்தடிப்பாகவும் அது படரும். 1950இல் எலிசபெத் ஹேசனும் ரேச்சல் பிரவுனும் அறிவித்த நிஸ்டாட்டின் அதற்கு நல்ல மருந்தாயிற்று.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிக்கல் வேறு உருவெடுத்தது. முன்பு பிழைத்திருக்கவே முடியாத குறைமாதக் குழந்தைகள் இன்குபேட்டரில் உயிர் தரித்தார்கள். அவர்களின் தோலில் மேலடுக்கு முற்றியிருக்காது. பிளாஸ்திரியைப் பிரித்தாலே தோல் உரிந்து வரும். அவர்களுக்கு வேண்டிய வெதுவெதுப்பும் ஈரப்பதமும் பூஞ்சைக்கும் உகந்தவை. 1996இல் லண்டன் மருத்துவர்கள் நான்கு குறைமாதக் குழந்தைகளுக்கு ரைசோபஸ் பூஞ்சை தொற்றியதைப் பதிவு செய்தார்கள். ஊசி ஏற்றிய கை அசையாதிருக்க வைத்துக் கட்டிய மரச்சில்லோடு அந்தத் தொற்றைத் தொடர்புபடுத்தினார்கள். தொண்டையைப் பார்க்கும்போது நாக்கை அழுத்துவதற்கென்று வாங்கி வைத்த சாதாரணக் குச்சி அது.

வளர்ப்புப் பிராணிகள் வழியாகவும் பூஞ்சை வந்தது. நியூயார்க்கில் ஒரு சிசுப் பிரிவில் பரவிய படர்தாமரைக்கு, ஒரு செவிலியரும் அவர் வீட்டுப் பூனையும் மூலம் என்று 2000இல் வெளியான ஆய்வு கூறியது. அதைவிட விரிவாகத் துருவப்பட்டது அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து லெபனான் நகரில் நேர்ந்தது. 1990களின் நடுவில், அங்கே தீவிர சிகிச்சையில் இருந்த 15 சிசுக்களிடம் மலசீசியா பாக்கிடெர்மாட்டிஸ் என்ற பூஞ்சை காணப்பட்டது. சிலருக்கு அது தோலில் வெறுமனே குடியிருந்தது. எட்டுப் பேருக்கு இரத்தத்திலேயே கலந்துவிட்டது. இது நாய்களின் காதிலும் தோலிலும் வாழும் பூஞ்சை. நாய் நுழையவே முடியாத வார்டுக்குள் இது வந்தது எப்படி?

ஆய்வாளர்கள் ஊழியர்களின் கைகளையும், அவர்கள் வீட்டில் வளர்த்த நாய்களையும் சோதித்தார்கள். ஓர் ஊழியரின் கையிலும் மூன்று நாய்களிடமும் கிடைத்த பூஞ்சையின் மரபணு அமைப்பு, குழந்தைகளிடம் கண்டதோடு அச்சு அசலாக ஒத்துப்போனது. வீட்டில் நாயைத் தடவிய கை, சரியாகக் கழுவப்படாமல் இன்குபேட்டருக்குள் நீண்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். ஒரு குழந்தையிடமிருந்து அடுத்த குழந்தைக்கு அதைக் கடத்தியதும் கைகளே. 1998இல் அவர்களின் கட்டுரை வெளிவந்தது. ஒவ்வொரு குழந்தையையும் தொடுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவுவதை அது முதன்மையாக வலியுறுத்தியது.