ஏடு தொடக்கலும் பாலபாடமும்

விசயதசமியன்று தாம்பாளத்துப் பச்சையரிசியிலே குழந்தையின் விரலைப் பிடித்து அகரம் எழுதுவித்தல் நம்மவர் மரபு. இதனை ஏடு தொடக்கல் என்கின்றோம்.

முன்னாளில் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் இப்பயிற்சி மணலிலே தொடர்ந்தது. விரல் எழுத, வாய் உரக்கச் சொல்ல, செவி கேட்க, எழுத்து மனத்திற் பதிந்தது. அதன் பின்னரே ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வந்தன. ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலியன நெட்டுருவாயின. ஆயினும், பொருளறியாது ஒப்புவித்தலே பலர்க்கும் வாய்த்தது.

இக்குறையைத் தீர்க்க முன்வந்தவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர். 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார்; 1849இல் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கினார். பின்னர் அவர் வெளியிட்ட பாலபாடங்கள் எழுத்து, சொல், சிறு வாக்கியம், நீதி எனப் பிள்ளையைப் படிப்படியாக அழைத்துச் சென்றன. வசனம் எளிதாகலின் வாசிக்கும்போதே பொருளும் விளங்கிற்று. மனனஞ் செய்யும் நூல்களையும் அவர் தள்ளவில்லை. கொன்றைவேந்தனுக்கு உரை கண்டார்.

இன்றோ அரிசியில் எழுதிய விரலுக்கு மறுநாளே பென்சிலைக் கொடுத்துப் பக்கம் பக்கமாக எழுதுவிக்கின்றோம். விரலும் வாயும் செவியும் பழகுதற்கு நாட்கொடுக்க மறந்தோம். ஏடு தொடக்கல் ஒருநாட் சடங்கன்று, கல்வியின் முதற்படி. அறநெறி வகுப்புகளிற் சிறுவர்க்குக் கற்பிக்கும் நம் இளைஞர்கள் இதனை மனத்திற் கொள்வாராக.