ஓவியத்திலிருந்து எழுந்த வீட்டு வரிசை

ஐக்கிய அமெரிக்க நாடுகளின் டெக்ஸாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில், 1990ஆம் ஆண்டு, ரிக் லோ என்னும் ஓவியரின் கலைக்கூடத்திற்குப் பள்ளி மாணவர் சிலர் வந்தனர். கறுப்பின மக்களின் இன்னல்களைப் பெரிய அளவில் தீட்டிவந்தவர் லோ. படங்களைப் பார்த்த மாணவன் ஒருவன், “எங்கள் துயரை நாங்களே அறிவோம், படைப்பாற்றல் உடைய தாங்கள் ஒரு தீர்வைப் படைக்கலாகாதா?” என்ற பொருள்படக் கேட்டான். லோ பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்த கேள்வி இது. கவிதை எழுதும் நம்மையும் இது விட்டுவைப்பதில்லை. ஆயின், சித்திரிப்பது வீண், செயலே கலை என்று இதிலிருந்து முடிவுகட்டுவோர் உளர். அதன்பின் நிகழ்ந்தவை அம்முடிவுக்கு இடந்தரவில்லை.

ஹூஸ்டனின் ‘தேர்டு வார்டு’, அதாவது மூன்றாம் வட்டம், கறுப்பின மக்களின் பழைய குடியிருப்பு. அடிமைத்தளையினின்று விடுபட்டோர் 1872இல் கூட்டாகப் பணம் திரட்டி, தம் விடுதலை நாளைக் கொண்டாட நிலம் வாங்கிய பகுதி. அங்கே 1930களில் எழுந்தவை ‘ஷாட்கன்’ வீடுகள். ஒற்றை வரிசையில் அறைகள். முன்வாயிலில் சுட்டால் குண்டு பின்வாயில் வழியே போய்விடும் என்பதால் இப்பெயர் என்பர். முகப்பில் நம் திண்ணையை நினைவூட்டும் சிறு தாழ்வாரம். நெடுஞ்சாலைகள் குறுக்கிட்டன, வசதியுடையோர் வெளியேறினர், வீடுகள் பாழடைந்தன. இடித்துத் தள்ளுவதே நலம் என்பது பலரது எண்ணமாயிற்று.

அவ்வீடுகளை வேறு கண்ணால் கண்டவர் ஒருவர் முன்பே அங்கிருந்தார். 1949இல் ஹூஸ்டனுக்கு வந்து, பின்னர் டெக்ஸாஸ் சதர்ன் பல்கலைக்கழகம் எனப் பெயர்பெற்ற நிறுவனத்தில் ஓவியத் துறையை நிறுவிய ஜான் பிக்கர்ஸ் அவர். 1957இல் மேற்கு ஆப்பிரிக்கா சென்று திரும்பியவர். ஷாட்கன் வீட்டின் வடிவம் ஹெய்ட்டி வழியாக ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது எனப் பின்னாளில் ஆய்வாளரும் நிறுவ முயன்றனர். பிக்கர்ஸின் 1987ஆம் ஆண்டு ஓவியம் ஒன்றில், வீட்டு முகப்புகளில் பெண்கள் கையில் சிறு வீடேந்தி நிற்கின்றனர், தெய்வத் திருமேனிகளைப் போல. ஊரார் வறுமையின் அடையாளமாகக் கண்டதை அவர் மரபாகவும் மாண்பாகவும் கண்டார்.

பிக்கர்ஸை ஆசானாகக் கொண்டவர் லோ. ஆகவே, பாழடைந்த 22 வீடுகள் வரிசையாக நின்றதைக் கண்டபோது அவர் கண்ணுக்கு அவை குப்பையாகத் தெரியவில்லை. ஓவியம் முன்னரே அக்கண்ணைத் திறந்துவைத்திருந்தது. மாணவனின் கேள்வி அவரைத் தெருவுக்கு அனுப்பியது உண்மையே. தெருவில் எதைக் காண்பது என்று காட்டியது தீட்டிய படம். இவ்விரண்டில் ஒன்றில்லாதிருப்பின் அவ்வீடுகள் இன்று இல்லை எனத் துணிந்து கூறலாம்.

1993இல் லோவும் வேறு ஆறு கலைஞரும் சேர்ந்து ‘ப்ராஜெக்ட் ரோ ஹவுசஸ்’ என்னும் அமைப்பைத் தொடங்கினர். தன்னார்வலர் பலர் கைகொடுக்க, வீடுகள் செப்பனிடப்பட்டன. சில வீடுகள் கலைஞர் தம் ஆக்கங்களை நிறுவும் இடங்களாயின. வேறு சிலவற்றில், கணவரின்றிக் குழந்தை வளர்த்துக்கொண்டே கல்வியை முடிக்க விழையும் இளந்தாயர் 1996 முதல் குடியமர்த்தப்பட்டனர். அவ்வாறு தங்கிய ஒருவர் பின்னர் சமூகவியலில் முனைவர் பட்டம் பெற்று, அவ்வட்டாரத்திற்கே உழைக்கத் திரும்பினார். என்னைக் கேட்டால், கலைக்கண்காட்சிகளினும் இதுவே பெரிது.

ஆனால் அழகுபெற்ற தெரு விலையும் பெறுகிறது. நகர மையத்துக்கு அருகிலுள்ள அந்நிலத்தைச் செல்வர் நாடினர்; அடுக்கு வீடுகள் எழுந்தன; வரியும் வாடகையும் ஏறின. எவருக்காகத் தெரு மீட்கப்பட்டதோ அவர்களே வெளியேற நேரும் நிலை வந்தது. இதற்குக் கலை மட்டும் காரணமன்று. எனினும் கலைக்குப் பங்கே இல்லை என்பதும் பொய். லோவின் தோழர்கள் இதனை உணராதவரல்லர். 2003இல் தனியே ஒரு வீட்டுவசதி அமைப்பை நிறுவி, குறைந்த வருவாயினருக்கு வாடகை வீடுகள் கட்டலாயினர். ரைஸ் பல்கலைக்கழகக் கட்டடக்கலை மாணவரும் அவற்றின் வடிவமைப்பில் பங்கேற்றனர்.

2014இல் லோவுக்கு மெக்ஆர்தர் நல்கை கிட்டியது. பிக்கர்ஸ் 2001இலேயே மறைந்துவிட்டார். அவர் வரைந்த முகப்புகளைப் போன்ற முகப்புகள் ஹோல்மன் தெருவில் வெள்ளை வண்ணத்துடன் நிற்கின்றன. சுற்றிலும் மனைகளின் விலை ஏறிய வண்ணமே இருந்து வந்துள்ளது.