பஸ்ஸுக்கு மட்டும் தனிப்பாதை... சென்னை ரோட்டுல சாத்தியமா?

மந்தைவெளியில் இருந்து அடையாறு போகும் பஸ்ஸில் 60 பேர். முன்னால் நிற்கும் காரில் ஒரே ஒருவர். ஆனா, டிராஃபிக்கில் எல்லாருக்கும் ஒரே காத்திருப்புதான். இதை மாற்றத்தான் 'பிஆர்டி' எனும் விரைவுப் பேருந்து வழித்தடம்.

எப்படி இயங்கும்?

சாலை நடுவே தடுப்பு வைத்து பஸ்ஸுக்கு மட்டும் பாதை. டிக்கெட் நிலையத்திலேயே வாங்கிடலாம். நடைமேடையும் பஸ் தளமும் ஒரே உயரம் என்பதால் படி ஏற வேண்டாம். 2009-ல் தொடங்கிய அகமதாபாத் 'ஜன்மார்க்' இப்படித்தான் ஓடுது.

டெல்லியில் என்ன ஆச்சு?

2008-ல் அம்பேத்கர் நகர் - மூல்சந்த் இடையே 5.8 கி.மீ.க்கு வந்தது. சிக்னலில் நீண்ட காத்திருப்பு, கார் ஓட்டுநர்களின் எதிர்ப்பு என சிக்கல்கள் தொடர, 2016-ல் அகற்றும் பணி தொடங்கியது.

சென்னையில் என்ன சிக்கல்?

முதலில் அகலம். ஒரு பஸ் பாதைக்கு சுமார் 3.5 மீட்டர். போக, வர ரெண்டு பாதை, நடுவில் 4 மீட்டர் நிலையம் என்றாலே 11 மீட்டர். மற்ற வாகனங்களுக்கு இருபுறமும் தலா ரெண்டு தடம், நடைபாதை எல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட 30 மீட்டர். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் அதுக்கு எங்கே போவது?

அடுத்தது கதவு. மாநகரப் பேருந்தில் கதவு இடதுபுறம். நடுவில் ஒரே நிலையம் என்றால் வலதுபுறமும் கதவு வேணும்.

என்ன வழி?

அகலமான சாலையில் முழு வழித்தடம். குறுகலான இடத்தில் சிக்னலில் பஸ்ஸுக்கு முன்னுரிமை, நிறுத்தத்தில் பார்க்கிங்குக்குத் தடை. வெறும் பெயின்ட் கோடு போட்டால், அதிலும் ஆட்டோதான் நிற்கும்!