புதுச்சத்திரம் முதல் லண்டன் வரை

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில், ஆலப்பாக்கத்துக்கு அப்பால் புதுச்சத்திரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயரே ஊரின் சரித்திரத்தைச் சொல்லிவிடுகிறது. மாட்டு வண்டிக் காலத்தில் வழிப்போக்கன் இங்கே வண்டியை அவிழ்த்துப் போட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, தானும் கட்டுச்சோற்று மூட்டையைப் பிரித்திருப்பான். வண்டி ஓடும் பாதை எங்கே உண்டோ அங்கே வண்டிக்காரன் உட்கார ஓர் இடமும் உண்டாகிவிடும். கதை எழுதுகிற எனக்கு அரண்மனைகளைவிடச் சத்திரங்களின் சரித்திரத்தில்தான் ருசி அதிகம். அரண்மனையில் ஒருவர் பேச மற்றவர்கள் கேட்பார்கள். சத்திரத்தில் எல்லோரும் பேசுவார்கள்.

இப்போது இந்தச் சத்திரத்துக்குப் புது வேஷம் வந்திருக்கிறது. மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டாங்கியைச் சுவரில் மாட்டி, சக்கரத்தின்மேல் கண்ணாடிப் பலகை வைத்து மேஜையாக்கி, காப்பி விற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வாலிபர்கள் புல்லட்டில் கூட்டமாக வந்து இறங்குகிறார்கள். "இது என்ன கூத்து!" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். கூத்துத்தான். ஆனால் இந்தக் கூத்துக்கும் ஒரு பூர்வ கதை உண்டு. அது லண்டனில் ஆரம்பமாகி, நம் திருவொற்றியூர் வழியாக நடக்கிறது.

1938-இல் லண்டனின் வடக்கு வட்டச் சாலை ஓரத்தில் 'ஏஸ் கபே' என்ற கடையைத் திறந்தார்கள். லாரி டிரைவர்களுக்காக ஏற்பட்ட கடை. இரவும் பகலும் திறந்திருக்கும். யுத்தத்தின்போது பக்கத்து ரயில்வே யார்டின்மேல் குண்டு விழுந்தபோது கடையும் பலத்த சேதமடைந்தது. 1949-இல் மறுபடி கட்டினார்கள்.

அதற்குப் பிறகுதான் மோட்டார் சைக்கிள் வாலிபர்கள் வந்தார்கள். யுத்தம் முடிந்து கையில் கொஞ்சம் சம்பளப் பணம் புரளத் தொடங்கிய தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள். தோல் சட்டையும் எண்ணெய்க் கறையுமாக வந்த அவர்களுக்குக் கௌரவமான கடைகளில் வரவேற்பு இல்லை. ஏஸ் கபேயில் யாரும் முகம் சுளிக்கவில்லை. தேநீர் கிடைத்தது, காசு போட்டால் பாடும் இசைத்தட்டுப் பெட்டி இருந்தது. அந்தப் பெட்டியை வைத்து ஒரு விபரீத விளையாட்டும் கிளம்பியது. காசைப் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்ப வேண்டும். குறித்த இடம் வரை போய், பாட்டு முடிவதற்குள் திரும்பி வந்து உட்கார வேண்டும்! மணிக்கு 100 மைலைத் தொடுவது அவர்களுக்குப் பட்டாபிஷேகம் மாதிரி. பாட்டு முடிந்த பிறகும் திரும்பி வராத பிள்ளைகளும் உண்டு. பத்திரிகைகள் அவர்களைக் காலிகள் என்று எழுதின. 'கபே ரேஸர்' என்ற பெயர் பிறந்த விதம் இதுதான்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் பில் ஷெர்கோல்ட் என்ற பாதிரியார். அவரும் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர். இந்தப் பிள்ளைகளை மாதா கோயிலுக்கு அழைக்க வேண்டும் என்று 1962-இல் ஏஸ் கபேக்குக் கிளம்பினார். முதல் தடவை தைரியம் போதாமல் திரும்பிவிட்டார். அடுத்த தடவை உள்ளே போனார். அடி விழும் என்று பயந்தவருக்குத் தேநீர் கிடைத்தது. அழைப்பை ஏற்றுப் பிள்ளைகள் வண்டிகளோடு கோயிலுக்கு வந்தார்கள். அவர் நடத்திய 'ஐம்பத்தொன்பது கிளப்' மோட்டார் சைக்கிள் உலகில் பெரும் புகழ் பெற்றது. காலிகள் என்று ஊர் சொன்னவர்களிடம் அவர் செய்த காரியம் ஒன்றுதான்: அவர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சில் தாமும் போய் உட்கார்ந்தார்.

கார்கள் பெருகின. வாலிபர்களின் மோகம் மாறியது. 1969-இல் கடை மூடப்பட்டு, அங்கே டயர் வியாபாரம் நடந்தது. 1994-இல் பழைய நினைவுக்காக ஒரு நாள் கூடலாம் என்று அழைத்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் வந்துவிட்டார்கள். 2001-இல் கடை முழு அளவில் மீண்டும் திறந்தது.

இனித் திருவொற்றியூருக்கு வருவோம். ஏஸ் கபேயைத் திரும்பக் கட்டிய அதே 1949-இல்தான் மதராஸ் மோட்டார்ஸ் கம்பெனியார் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு புல்லட்டை இந்தியாவில் விற்கத் தொடங்கினார்கள். பிறகு எல்லைக் காவலுக்காக நமது ராணுவம் புல்லட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தது. அந்தப் பலத்தில் 1955-இல் என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1970-ஐ ஒட்டி இங்கிலாந்தின் தாய்க் கம்பெனி மறைந்தது. திருவொற்றியூர்ப் பெண் குடும்பத்தைக் காப்பாற்றினாள். 1977-இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே வண்டி ஏற்றுமதியாயிற்று. 2013-இல் 'கான்டினென்டல் ஜி.டி.' என்ற புது வண்டியை உலகுக்குக் காட்ட அந்தக் கம்பெனி தேர்ந்தெடுத்த இடம் எது தெரியுமா? ஏஸ் கபேயின் வாசல்!

ஆகவே, சுவரில் டாங்கி மாட்டுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒன்று மட்டும் உறுத்துகிறது. ஏஸ் கபேயின் பெருமை சுவரில் இருக்கவில்லை, கதவில் இருந்தது. வேறு கதவுகள் மூடியபோது அது திறந்திருந்தது.

கதவின் அருமை நமக்குத் தெரியாததா? சிதம்பரம், நந்தனார் எல்லையில் காத்து நின்றதாகச் சொல்லும் ஊர். அவர் பெயரால் சுவாமி சகஜானந்தர் 1916-இல் அங்கே கல்விக் கழகம் ஏற்படுத்தி ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவைத் திறந்தார். நமது சத்திரங்களில் சாதிக்கொரு பந்தி இருந்தது. காப்பி கிளப்புகளில் 'பிராமணாள்' என்ற பலகை தொங்கியது. அதை எடுக்கச் சொல்லிப் பெரியார் 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் முன் மறியல் நடத்த வேண்டியிருந்தது. கிராமத்து டீக்கடைகளிலோ, ஒருவருக்குக் கண்ணாடித் தம்ளர், இன்னொருவருக்குத் தனித் தம்ளர் என்ற அநியாயம் அதற்குப் பிறகும் வெகுகாலம் நீடித்தது. காப்பி ஒன்றே, பாத்திரம் வேறு.

கடலூர் முதுநகரில் விடியுமுன் துறைமுகத்துப் பக்கம் போய்ப் பாருங்கள். ஓசூரிலிருந்து 1980-இல் வந்த டி.வி.எஸ். 50 பரம்பரையைச் சேர்ந்த வண்டிகள் மீன் பெட்டி சுமந்து வரிசையாக நிற்கும். ஐஸ் தண்ணீர் சொட்டும். வியாபாரிகள் டீக்கடைப் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து, இன்று எந்த ஊரில் என்ன மீன் எடுபடும், எந்தச் சாலையில் பள்ளம், யாருடைய பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பேசுவார்கள். வெயில் ஏறுவதற்குள் உள்ளூர்களுக்குப் போய்ச் சேர வேண்டிய அவசரம். இவர்களும் பாட்டு முடிவதற்குள் திரும்புகிற பந்தயக்காரர்கள்தாம். இசைத்தட்டுக்குப் பதில் ஐஸ் கட்டி, அவ்வளவே. சுவரில் ஒரு படமும் இல்லாத அந்தக் கடைதான் என் கண்ணுக்கு ஏஸ் கபேக்கு நெருங்கிய உறவாகத் தெரிகிறது.

புல்லட் வாலிபர்களின் கடைக்காரருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். டாங்கியை மாட்டுங்கள், சக்கரத்தில் மேஜை செய்யுங்கள், எல்லாம் அழகுதான். ஆனால் மீன் பெட்டியோடு ஒருவர் வாசலில் மொபெட்டை நிறுத்தி, "தம்பி, ஒரு டீ" என்று கேட்டால், உள்ளே வந்து உட்காரச் சொல்லுங்கள். விலைப் பலகையைப் பார்த்து அவர் திரும்பிப் போகாதபடி ஒரு தம்ளர் டீயும் வைத்திருங்கள். அன்றைக்கு உங்கள் கடையைப் புதுச்சத்திரம் என்று நானே எழுதுகிறேன்.