பிஃருஸ் ஸபஃ கிணறுகள்

அகழ் வெட்டி அதனுள் நின்று போரிடுவோரை அசைப்பது எளிதன்று. ஹிஜ்ரி 5 ஆம் ஆண்டில் மதீனாவை முற்றுகையிட வந்த பெரும்படை, ஸல்மான் பார்ஸீ (ரலி) அவர்களின் யோசனைப்படி வெட்டப்பட்ட அகழின் முன் திகைத்து நின்றதை நாம் அறிவோம். இருபதாம் நூற்றாண்டில் அகழோடு முள்வேலியும் இயந்திரத் துப்பாக்கியும் சேர்ந்துகொண்டன. முதல் உலகப் போரில் பிரான்சில் இலட்சக்கணக்கானோர் மாண்டும் போர்முனை ஆண்டுக்கணக்கில் நகராமற் கிடந்தது இதனாலேயே. பாலஸ்தீனத்தின் வாயிலிலும் அவ்வாறே ஒரு தேக்கம் நேர்ந்தது. அது உடைபட்ட விதத்தை இங்கு நோக்குவோம்.

1917 மார்ச் 26 இல் ஆங்கிலேயர் காஸாவைத் தாக்கித் தோற்றனர். ஏப்ரலில் எட்டு டாங்கிகளுடனும் நச்சுப்புகைக் குண்டுகளுடனும் மீண்டும் வந்தனர். கள்ளி வேலிகளுக்கிடையே அகழ்களில் நின்ற துருக்கியர் அசையவில்லை. ஆங்கிலேயர் தரப்பில் மாண்டோரும் காயமுற்றோருமாக 6,000 பேருக்கு மேல் இழப்பு. பின்னர் ஆறு மாதம் இரு படைகளும் எதிரெதிரே அமர்ந்திருந்தன.

துருக்கியரின் காவல் வரிசை காஸாக் கடற்கரையில் தொடங்கி, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் உள்ளே, பிஃருஸ் ஸபஃ என்னும் சிற்றூரில் முடிந்தது. ஆங்கிலேயர் இதனைப் பீர்ஷெபா என்பர். பிஃர் என்றால் கிணறு. ஸபஃ என்பதற்கு ஏழு என்று பொருள் கொள்வாரும் உளர். சிங்கம் என்பாரும் உளர். எதுவாயினும் அவ்வூரின் உயிர்நிலை அதன் பெயரிலேயே இருக்கிறது. அதற்கப்பால் பாலை. நீரின்றிப் பெரும்படை அவ்வழியே வாராது என்று நம்பிய துருக்கித் தலைமை, அங்கே காவலைக் குறைவாகவே வைத்திருந்தது.

புதிதாகத் தலைமையேற்ற ஆலன்பி, தளபதி செட்வுட் வகுத்த திட்டத்தை ஏற்றார். காஸாவையே மூன்றாம் முறையும் தாக்குவதாகக் காட்டிவிட்டுக் கிழக்குக் கோடியில் அடிப்பது என்பது திட்டம். ஆனால் அன்றைய பொழுதுக்குள் கிணறுகள் கைக்கு வராவிடில், பல்லாயிரம் குதிரைகளோடு திரும்பிப் போக வேண்டியதுதான். பொய்க் குறிப்புகள் வைத்த பையொன்றைத் துருக்கியர் கையில் சிக்கவிட்ட அதிகாரியின் கதை பிரசித்தமானது. அதனைப் பெரிதாக்கியவர்களில் அவ்வதிகாரியும் ஒருவராதலின் நாம் அதற்கு அதிக எடை தருவதற்கில்லை. அக்டோபர் 27 முதல் காஸாவின்மீது விழுந்த பீரங்கிக் குண்டுகளே போதுமான ஏமாற்று.

அக்டோபர் 31 இல் காலாட்படை மேற்கிலிருந்து மோதியது. இரவெல்லாம் பயணம் செய்த குதிரைப்படை கிழக்கே சுற்றி வந்தது. தல்லுஸ் ஸபஃ மேட்டைக் காத்தவர்கள் பிற்பகல் மூன்று மணிவரை இடங்கொடுக்கவில்லை. குதிரைகளோ நெடுநேரம் நீர் காணாதவை. மாலை நாலரை மணியளவில் ஆஸ்திரேலியக் குதிரைவீரர் ஏறத்தாழ 800 பேர், வாள் இன்மையால் துப்பாக்கிமுனைக் கத்தியைக் கையிலேந்தி அகழ்களை நோக்கிப் பாய்ந்தனர். அவர்களில் இறந்தோர் 31 பேர். இதைத் துணிவின் வெற்றியென்றே பாடுகின்றனர். அப்பக்கத்து அகழ்களின் முன்னே முள்வேலி இல்லாதிருந்ததையும், தொலைவுக்குக் குறிவைத்த துப்பாக்கிகளைத் துருக்கியர் தாழ்த்தத் தவறியதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கிணறுகளில் பெரும்பாலானவை தகர்க்கப்படுமுன் பறிபோயின. அங்கே படை நடத்திய இஸ்மத் பே தப்பினார். பிற்காலத்தில் துருக்கிக் குடியரசின் தலைவராக இருந்த இஸ்மத் இனோனு அவரே.

நவம்பர் 2 ஆம் தேதியிட்டு லண்டனில் பால்ஃபர் கையொப்பமிட்ட கடிதம், பாலஸ்தீனத்தில் யூதருக்குத் தாயகம் அமைய ஆதரவு தெரிவித்தது. அப்போது காஸா இன்னும் துருக்கியர் வசமே இருந்தது. நவம்பர் 7 இல் ஆங்கிலேயர் நுழைந்தபோது, இருமுறை அவர்களைத் திருப்பியனுப்பிய அந்த அகழ்களில் ஆளில்லை. டிசம்பர் 9 இல், நானூறு ஆண்டுகளாக உதுமானியர் ஆட்சியிலிருந்த பைத்துல் முகத்தஸ் நகரமும் சரணடைந்தது.