புலால் உண்பவரின் விலங்குரிமை: ஓர் இணக்கமும் அதன் எல்லைகளும்

1. வினா

2017 ஜனவரியில் மெரினாவிலும் அலங்காநல்லூரிலும் கூட்டம் திரண்டிருந்தபோது, ஜல்லிக்கட்டுத் தடையை ஆதரித்தவர்களிடம் ஒரு கேள்வி திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது. பிரியாணி தின்னும் நாட்டில் காளைக்கு மட்டும் என்ன கருணை? தடையை ஆதரித்தவர்களும் இதே கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். மாட்டைப் பிள்ளைபோல வளர்க்கிறோம் என்கிறீர்களே, கறியை விட்டீர்களா? இரு தரப்புக்கும் அடியில் கிடந்த எண்ணம் ஒன்றுதான்: விலங்குக்காக வாய் திறக்க வேண்டுமானால் முதலில் இலையிலிருந்து கறியை ஒதுக்க வேண்டும்.

இந்த எண்ணம் பாதி சரி என்பதே இக்கட்டுரையின் துணிபு. புலால் உண்பவர் விலங்குரிமை பேச இடம் உண்டு. ஆனால் அந்த இடம் மிகக் குறுகியது. இன்று நகரத்தில் விற்கும் கறியிலும் முட்டையிலும் பெரும்பகுதி அதற்குள் அடங்காது. பேசும் தகுதி இருக்கிறது என்று நிறுவியவுடன் பலர் நிம்மதியாகக் கையலம்பிவிடுகிறார்கள். தகுதி கிடைத்த பிறகுதான் சிக்கலே தொடங்குகிறது.

2. எந்த உரிமை?

விலங்குரிமை என்ற பெயரில் இரண்டு வேறு கோரிக்கைகள் புழங்குகின்றன. ஒன்றை வாழ்வுரிமை என்றும் மற்றதை வதைபடா உரிமை என்றும் இங்கே அழைப்போம். முதலாவது, கொல்லாதே என்கிறது. இரண்டாவது, துன்புறுத்தாதே என்கிறது.

அமெரிக்கத் தத்துவவாதி டாம் ரேகன் 1983-இல் வெளியிட்ட நூலில் வாழ்வுரிமையை முழு வடிவில் முன்வைத்தார். தனக்கென ஒரு வாழ்க்கை இருப்பதை உணரும் எந்த உயிருக்கும் தன்னளவிலேயே மதிப்பு உண்டு. அதைப் பிறர் தேவைக்கான கருவியாக்க முடியாது. இதை ஒப்புக்கொண்டால் புலாலுடன் எந்தச் சமரசத்துக்கும் வழியில்லை. எவ்வளவு அன்பாக வளர்த்தாலும், எவ்வளவு கூரிய கத்தியால் அறுத்தாலும் குற்றம் குற்றமே. இதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1975-இல், பீட்டர் சிங்கர் எழுதிய நூல்தான் விலங்கு விடுதலை இயக்கத்துக்கு வேதம்போல ஆனது. ஆனால் சிங்கரின் வாதம் உரிமையிலிருந்து புறப்படுவதே இல்லை. துன்பத்தின் கணக்கிலிருந்து புறப்படுகிறது.

அந்தக் கணக்கின் மூலவர் ஜெரமி பெந்தாம். விலங்கால் சிந்திக்க முடியுமா, பேச முடியுமா என்பதை விட்டுவிட்டு, அதற்கு வலிக்குமா என்று பார்க்கச் சொன்னவர். 1789-இல் வெளிவந்த நூலின் அடிக்குறிப்பு ஒன்றில் இது வருகிறது. மேடைதோறும் எடுத்துக்காட்டப்படும் அந்த அடிக்குறிப்பின் முற்பகுதியை அதிகம் பேர் படிப்பதில்லை. அங்கே பெந்தாம் புலால் உண்பதைத் தயங்காமல் அனுமதிக்கிறார். வருங்காலம் பற்றிய நீண்ட எதிர்பார்ப்பு விலங்குக்கு இல்லை. நம் கையால் நேரும் சாவு காட்டில் காத்திருக்கும் சாவைவிட விரைவானது. வதைக்க மட்டும் நமக்கு எந்தக் காரணமும் கிடையாது. ஆக, விலங்கின் வலியை மேற்கு நாட்டுத் தத்துவத்தின் மையத்துக்குக் கொண்டுவந்த பத்தியே கறி உண்பவரின் நிலைப்பாட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறது.

விலங்குக்குப் பயன்வழிக் கணக்கு, மனிதருக்கு மீற முடியாத உரிமை என்று இரண்டு அளவுகோல்களை வைத்துக்கொள்ளலாமா என 1974-இல் ராபர்ட் நோசிக் சோதித்துப் பார்த்தார். அவருக்கே அதில் நிறைவில்லை. எனக்கும் இல்லை. ஆயினும் கறி உண்டுகொண்டே விலங்குக்காகக் குரல் கொடுக்கும் பெரும்பாலோர், தெரிந்தோ தெரியாமலோ, நிற்பது இங்கேதான்.

3. தமிழ் மரபு சொல்வது

சங்கப் பாடல்களில் ஊன்சோறும் உண்டு, குளிரில் நடுங்குவதாக எண்ணி மயிலுக்குப் போர்வை தந்த பேகனும் உண்டு. இரண்டுக்கும் இடையே முரண் இருப்பதாக அக்காலப் புலவர் எவரும் கருதியதாகத் தெரியவில்லை.

வள்ளுவர் கருதினார். ஆனால் அவர் புலால் மறுத்தலை வைத்த இடம் கவனிக்கத்தக்கது. அது 26-ஆம் அதிகாரமாகத் துறவறவியலில் நிற்கிறது. விருந்தோம்பல் இருக்கும் இல்லறவியலில் அல்ல. இல்லறத்தானுக்கு விலக்கு இருக்கிறது என்று இதைக் கொண்டு வாதிடுவோர் உண்டு. அந்த அதிகாரத்தின் உள்ளே இருக்கும் ஒரு வாதம் அவர்களுக்கு வசதியாக இல்லை. தின்பதற்காக வாங்குவோர் இல்லையென்றால் விற்பதற்காகக் கொல்வோரும் இருக்கமாட்டார்கள் என்கிறார் வள்ளுவர். இது துறவியை நோக்கிய பேச்சாக இல்லை, சந்தையின் கணக்கு. தனக்கென்று கொன்றதாகக் காணாத, கேளாத, ஐயுறாத ஊனைத் துறவி ஏற்கலாம் என்பது பௌத்தம் வகுத்த விதி. பிச்சைப் பாத்திரத்தில் விழுவதை உண்பவருக்கு அது பொருந்தலாம். காசு கொடுத்து அரைக் கிலோ வாங்குகிறவர் அந்த விதிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வள்ளுவர் விடவில்லை.

வள்ளலாரின் வழி வேறு. புலால் உண்போரைப் புறவினத்தார் என்று பிரித்தார். ஆனால் பசி என்று வந்தால் அந்தப் பிரிவினை செல்லாது. அவர்கள் பசியையும் ஆற்றியே தீர வேண்டும் என்றார். 1867-இல் வடலூரில் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு அதற்காகத்தான். புலால் மறுப்பு கடுமையாகவும் புலால் உண்பவர் மீதான இரக்கம் குறையாமலும் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரியை நான் அறியேன்.

குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டுமுன் நடப்பதையும் இங்கே சேர்க்க வேண்டும். ஆட்டுக்கு மாலை போட்டு, தலையில் மஞ்சள் நீர் தெளித்துவிட்டுக் காத்திருப்பார்கள். அது உடம்பை உலுக்கிச் சிலிர்த்தால்தான் உத்தரவு. சிலிர்க்காவிட்டால் மீண்டும் தண்ணீர், மீண்டும் காத்திருப்பு. பூசாரி சாமியிடம் கெஞ்சுவார், வீட்டுப் பெரியவர் தப்பு ஏதும் நடந்ததா என்று கேட்பார். தண்ணீர் பட்டால் எந்த ஆடும் சிலிர்க்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் கேட்காமல் வெட்ட மனம் வரவில்லை. கொல்வதற்கு ஒரு காரணம், ஒரு நாள், ஓர் அனுமதி வேண்டும் என்ற எண்ணம் அந்தச் சடங்கில் இருக்கிறது. தெருமுனைக் கறிக்கடையில் அது இல்லை.

4. சட்டம் பிடித்த நடுவழி

மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சியாக 1960-இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. ருக்மிணி தேவி புலால் உண்ணாதவர். சட்டமோ உணவுக்காகக் கொல்வதை 11-ஆம் பிரிவிலேயே விலக்கி வைத்தது. தேவையற்ற வலி கூடாது என்பது மட்டும் நிபந்தனை. மத வழக்கப்படி கொல்வதற்கு 28-ஆம் பிரிவு விலக்கு அளித்தது. வதைக்கு முதல் முறை விதிக்கும் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. இன்று அதற்குக் கால் கிலோ ஆட்டுக்கறிகூடக் கிடைக்காது.

தமிழ்நாட்டில் கோயில் பலியைத் தடுக்க 1950-லேயே ஒரு சட்டம் இருந்தது. உறங்கிக் கிடந்த அதை 2003-இல் அரசு எழுப்பியது. எதிர்ப்பு வலுத்ததும் அடுத்த ஆண்டே சட்டத்தையே நீக்கியது. அச்சட்டம் சாமி முன்னால் வெட்டுவதைக் குற்றமாக்கியது. அதே ஆட்டைக் கடையில் வெட்டுவதைத் தொடவில்லை. ஆட்டின் வலி அதன் அக்கறை இல்லை. யார் எப்படிக் கும்பிடுகிறார்கள் என்பதே அக்கறை.

ஜல்லிக்கட்டு வழக்கில் 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஐந்து சுதந்திரங்கள் என்ற கோட்பாட்டை 1960-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வைத்து வாசித்தது. பசி தாகம் இன்மை, வசதிக் குறைவு இன்மை, வலி, காயம், நோய் இன்மை, அச்சம் இன்மை, இயல்பான நடத்தைக்கு இடம். இந்தக் கோட்பாட்டின் பிறப்பிடத்தைப் பார்த்தால் பிரியாணிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். இங்கிலாந்தின் ஆலைமுறைப் பண்ணைகளைப் பற்றி ரூத் ஹாரிசன் 1964-இல் ஒரு நூல் எழுதினார். அது கிளப்பிய பரபரப்பில் அரசு அமைத்த பிராம்பெல் குழு 1965-இல் அறிக்கை தந்தது. 1979-இல் அந்நாட்டுப் பண்ணை விலங்கு நல அவை அதை ஐந்து சுதந்திரங்களாக வகுத்தது. அதாவது, காளைக்கு அரணாகக் காட்டப்பட்ட கோட்பாடு கறிக்கும் முட்டைக்கும் வளர்க்கும் விலங்குகளுக்காக, பெரும்பாலும் கறி உண்ணும் மக்கள் வகுத்தது. கறி தின்பவன் வதையைப் பற்றிப் பேசக்கூடாது என்றால் அந்தக் கோட்பாடே தோன்றியிருக்காது.

2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு, தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தை ஏற்று ஜல்லிக்கட்டை அனுமதித்தது. விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டு என்று அறிவிக்கவும் மறுத்தது. சட்டத்தின் பார்வையில் விலங்குக்கு இன்று இருப்பது வதைபடா உரிமை மட்டுமே, அதுவும் அரைகுறையாக.

5. கூண்டு, கொட்டகை, கடை

இணக்கம் பேசுபவரின் வாதம் முழுவதும் ஒரு நிபந்தனையைச் சார்ந்தது: கொல்லப்படும் விலங்கு வதையின்றி வாழ்ந்திருக்க வேண்டும். அந்த நிபந்தனையுடன் நாமக்கல்லுக்கும் பல்லடத்துக்கும் போய்ப் பார்க்க வேண்டும்.

நாமக்கல் வட்டாரத்தின் முட்டைப் பண்ணைகளில் கோழிகள் கம்பிக் கூண்டுகளில் அடுக்கடுக்காக நிற்கின்றன. வழக்கமான கூண்டில் ஒரு கோழியின் பங்குக்கு வரும் இடம் ஒரு ஏ-4 தாளைவிடச் சிறியது. வீட்டுக் கோழி முட்டையிடும் நேரம் வந்தால் நிலைகொள்ளாமல் திரியும். பரணில் கிடக்கும் பழைய கூடையையோ வைக்கோல் மூலையையோ தேடிப் பிடித்து, கால்களால் கிளறி, உடம்பால் அழுத்திக் குழியாக்கிய பிறகே உட்காரும். கூண்டுக் கோழிக்கும் அந்தத் தவிப்பு இருக்கிறது. கூடையும் வைக்கோலும் இல்லை. மண்ணில் புரள முடியாது, இறக்கையை விரிக்க முடியாது. நெருக்கத்தில் ஒன்றையொன்று கொத்தும் என்பதால் குஞ்சிலேயே அலகை வெட்டிவிடுகிறார்கள். முட்டை இனத்தின் சேவல் குஞ்சுகளால் யாருக்கும் லாபமில்லை. பொரித்த உடனே கழிக்கப்படுகின்றன. விலங்கு அசைய நியாயமான இடமில்லாத கூண்டில் அடைப்பது 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி வதை. ஐரோப்பிய ஒன்றியம் இத்தகைய வெற்றுக் கூண்டுகளை 2012-இல் முற்றாக நிறுத்தியது.

பல்லடம் பக்கத்துக் கறிக்கோழிக்குக் கூண்டு இல்லை. தேங்காய் நார்க்கழிவு பரப்பிய கொட்டகை. அதன் சிறை அதன் உடம்புதான். ஆறு வாரங்களில் இரண்டு கிலோவைத் தாண்டும்படி வளர்த்தெடுக்கப்பட்ட இனம். சதை ஏறும் வேகத்துக்குக் கால் ஈடுகொடுப்பதில்லை. குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்துடையவை, கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையவை. கையில் கிடைப்பது கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. கோழிக்கு இன்னும் கொஞ்சம் இடம் விடலாம் என்று அவர் நினைத்தாலும் கட்டுப்படியாகாது. பழியை முழுக்க அவர் தலையில் கட்டுவது அநியாயம்.

பிறகு கடை. கோழியின் இரு இறக்கைகளையும் பின்னலாக ஒன்றில் ஒன்று மாட்டித் தராசில் வைக்கிறார்கள்; அப்படி மாட்டினால் அது அசையாது. கழுத்தில் ஒரு கீறல், நீல நிற டிரம்முக்குள் தலைகீழாக. சற்று நேரம் தடதடவென்று ஓசை. வாங்க வந்தவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டடி தள்ளி, அடுத்த கோழிகள் கூண்டுக்குள் நின்றபடி இருக்கும். ஒரு விலங்கின் கண்ணெதிரே இன்னொன்றை அறுக்கக்கூடாது என்பது 2001-ஆம் ஆண்டு இறைச்சிக்கூட விதி. உரிமம் பெற்று நாளொன்றுக்குப் பத்தும் அதற்கு மேலும் அறுக்கும் எந்த இடமும் அவ்விதியின் கண்ணில் இறைச்சிக்கூடம்தான்.

6. எதிர்வாதங்கள்

முதலாவது, நாம் உண்ணாவிட்டால் இந்த விலங்குகள் பிறந்தே இருக்காது என்பது. ஜல்லிக்கட்டு நின்றால் புலிக்குளம் காளைகள் அடிமாடாகப் போய் இனமே அழியும் என்ற வாதமும் இதன் உறவுதான். கறிக்கோழியாக வாழக் கிடைத்ததற்குக் கோழி நமக்கு நன்றி சொல்ல வேண்டும் என்கிற தொனி இதில் இருக்கிறது. பன்றிக்கறியின் தேவையால் அதிகம் பயனடைவது பன்றிதான் என்று லெஸ்லி ஸ்டீபன் எழுதியதற்கு, காந்தியின் லண்டன் நாட்களில் அவரைப் பாதித்த ஹென்றி சால்ட் மறுப்பு எழுதினார்: இல்லாத உயிருக்கு எவரும் உபகாரம் செய்ய முடியாது. ஓர் இனம் நிலைத்திருப்பது நல்லதாகலாம். அது தனியொரு பறவையின் ஆறு வாரத்துக்கு ஈடாகாது.

இரண்டாவது வாதம் இன்னும் வலுவானது. உழவிலும் அறுவடையிலும் எலி, பாம்பு, பறவைக் குஞ்சுகள் சாகின்றன. மேய்ச்சல் மாட்டுக்கறி உண்டால் மொத்தச் சாவு குறையும் என்று 2003-இல் ஸ்டீவன் டேவிஸ் கணக்குக் காட்டினார். ஒரு ஏக்கருக்கு எத்தனை சாவு என்று பார்க்காமல் ஓர் ஆளுக்கு உணவூட்ட எத்தனை சாவு என்று பார்த்தால் கணக்கு தலைகீழாகும் என்று அதே ஆண்டு கேவரிக் மத்தேனி காட்டினார். தானியத்தைத் தின்று வளரும் கறிக்கோழிக்கு டேவிஸின் வாதம் தொடக்கத்திலேயே உதவாது.

மூன்றாவது, சாதி. கறி உண்ணாமை இந்நாட்டில் நெடுங்காலமாக மேல்நிலையின் அடையாளம். கறி சமைப்பவருக்கு வீடு தர மறுக்கும் தெருக்கள் சென்னையில் இன்றும் உள்ளன. ஆகவே விலங்குரிமைப் பேச்சைச் சந்தேகத்துடன் பார்ப்பவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தூய்மையைக் கழற்றிவிட்டு வதையை மட்டும் அளந்தால், வரிசையே மாறிவிடுகிறது. தினம் ஒரு கூண்டு முட்டையும் மூன்று வேளை பாலும் கொள்ளும் வீடு, கன்றைப் பிரித்த மாட்டையும் இறைச்சிக்குப் போகும் காளைக்கன்றையும் கணக்கில் எடுத்தால், மாதம் ஒருமுறை கிடாய்க்கறி ஆக்கும் வீட்டைவிடக் கூடுதல் வதைக்குப் பொறுப்பாகக்கூடும்.

7. வரிசை

எண்ணிக்கையும் இந்த வதைக் கணக்குக்குள் வருகிறது. பத்துக் கிலோ கறி தரும் ஓர் ஆட்டின் இடத்தை நிரப்ப ஏழெட்டுக் கறிக்கோழிகள் வேண்டும். சிவப்புக்கறி வேண்டாம், கோழி சாப்பிடுங்கள் என்கிற மருத்துவ ஆலோசனை இதயத்துக்கு நல்லதாக இருக்கலாம். வதையின் கணக்கில் அது ஒரு மேய்ந்த வாழ்வை விட்டு ஏழெட்டு நொண்டி வாழ்வுகளை எடுத்துக்கொள்வது. கூண்டு முட்டை முதலில், கறிக்கோழி அடுத்து, மேய்ச்சல் ஆடு கடைசியில் என்று விடுவதே வதைபடா உரிமையை ஏற்பவருக்குப் பொருந்தும் வரிசை. நாட்டுக்கோழி விலை அதிகம் என்பார்கள். ஆம், இடம், காலம், மேய்ச்சல் மூன்றையும் அந்தப் பறவைக்குத் திருப்பிக் கொடுத்தால் விலை அப்படித்தான் இருக்கும், கறி தினசரி உணவாக இராது.

இந்த வரிசையின் கடைசியிலும் ஒரு கடன் தீராமல் நிற்கிறது. கரட்டில் மேய்ந்த வெள்ளாடு ஒரு வயதில் அறுக்கப்படுகிறது. விட்டால் பத்தாண்டுக்கு மேல் வாழும். அந்த மீதி ஆண்டுகளைப் பற்றி ரேகனிடம் விடை இருக்கிறது. பெந்தாம் வழி நிற்பவரிடம் இல்லை.