போத்தலிலிருந்து கோப்பைக்கு: குழந்தை ஊட்டலின் சமூக வரலாறு பற்றிய ஒரு நோக்கு

குழந்தை வளர்ப்பு வீட்டினுள் நிகழ்வது. ஆதலால் அது வரலாற்றுக்குப் புறம்பானது என்ற எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. நிலவுடைமை முறைகளையும் அரசுகளின் எழுச்சி வீழ்ச்சிகளையும் நுணுகி ஆராயும் நாம், ஒரு வயதைக் கடந்த குழந்தையின் கையிலிருந்து பாற்போத்தலை வாங்கிவிட்டுக் கோப்பையைக் கொடுக்கும் செயலை ஆய்வுக்குரிய பொருளாகக் கருதுவதில்லை. ஆயின் அச்செயலுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாறு உழைப்பின் வரலாற்றோடு பிரிக்கவியலாதவாறு பிணைந்துள்ளது என்பதே இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

இன்றைய மருத்துவ அறிவுரை தெளிவானது. ஆறு மாதமளவில் கோப்பையைப் பழக்கத் தொடங்கி, 12 முதல் 18 மாதங்களுக்குள் போத்தலை முற்றாக நிறுத்திவிடுதல் வேண்டும் என்று மருத்துவர் கூறுவர். இதற்கு வலுவான காரணங்கள் உள்ளன. போத்தலை வாயில் வைத்தபடியே உறங்கும் குழந்தைகளின் மேல் முன்பற்கள் சிதைவுறுவதை 1962இல் எலியாஸ் ஃபாஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் எடுத்துக்காட்டினார். போத்தல் வழியே அளவுக்கு மிஞ்சிப் பசும்பாலை அருந்தும் குழந்தை ஏனைய உணவை வெறுப்பதும், இரும்புச்சத்துக் குறைந்து சோகையுறுவதும் அறியப்பட்ட உண்மைகளே. அறிவுரையின் பொருத்தப்பாடு பற்றி நமக்கு ஐயமில்லை. ஆனால் அது எப்பொழுதும் தாயை நோக்கியே கூறப்படுகின்றது. போத்தலை விடாத குழந்தை, தாயின் கவனக்குறைவுக்குச் சான்றாக நிறுத்தப்படுகின்றது. அப்போத்தல் அக்குழந்தையின் கைக்கு வந்த வழி யாது என்ற வினா எழுப்பப்படுவதில்லை. அவ்வினாவையே நாம் இங்கு எடுத்துக்கொள்கின்றோம்.

கையும் கலமும்

தாய்ப்பாலன்றிப் பிற பாலைக் கலத்தினால் ஊட்டும் வழக்கம் மிகப் பழைமையானது. ஜேர்மனியின் பவேரியாப் பகுதியில், வெண்கலக் காலத்தையும் இரும்புக் காலத்தையும் சேர்ந்த குழந்தைகளின் புதைகுழிகளிற் கிடைத்த மூக்குடைய சிறு மட்கலங்களில் விலங்குப் பாலின் கொழுப்பு எச்சம் படிந்திருந்தமை 2019இல் வெளியான ஓர் ஆய்வினால் நிறுவப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோணி வடிவான ஊட்டுகலங்கள் வழங்கின. செல்வர் வீடுகளில் அவை வெள்ளியாலும், ஏனையோரிடத்து ஈயக் கலவையாலும் களிமண்ணாலும் ஆனவை. தமிழரிடையே வழங்கிய பாலாடையும் பாற்சங்கும் இவ்வகையினவே.

இக்கலங்களைக் கொண்டு ஒரு பொற்காலத்தைக் கற்பித்துவிடுதல் தவறாகும். தாய்ப்பால் கிட்டாத சிசுக்களில் மிகப் பலர், கலம் எதுவாயினும், மாண்டனர். நாம் இங்கு கருத்திற்கொள்ள வேண்டியது வேறொன்று. பாலாடையோ சங்கோ தானாக ஊட்டுவதில்லை. குழந்தையை ஒருவர் மடியிற் கிடத்தி, ஒரு வாய் விழுங்கிய பின்னரே மறு வாய் ஊற்றவேண்டும். தாயோ, பாட்டியோ, மூத்த சகோதரியோ, செவிலியோ, யாரேனும் ஒருவருடைய கையும் நேரமும் அக்கலத்தோடு சேர்ந்தே இருந்தன.

பாற்சங்கும் ஆலைச் சங்கும்

கலத்தைக் கையினின்றும் பிரித்தது கைத்தொழிற் புரட்சியாகும். 1845இல் நியூயோர்க்கைச் சேர்ந்த எலிஜா பிராட் றப்பர் முலைக்காம்புக்குக் காப்புரிமை பெற்றார். அதனையடுத்து, கண்ணாடிப் போத்தலிலிருந்து நீண்ட றப்பர்க் குழாய் ஒன்று சென்று குழந்தையின் வாயை எட்டும் அமைப்பு பிரித்தானியாவிலும் பிரான்சிலும் பரவலாயிற்று. போத்தலை அருகில் வைத்துவிட்டால் குழந்தை தானே உறிஞ்சிக்கொள்ளும். அருகில் எவரும் இருக்கவேண்டியதில்லை. இக்கருவியின் கவர்ச்சி முழுவதும் இவ்வொரு பண்பிலேயே தங்கியிருந்தது.

யாருக்கு இது தேவைப்பட்டது? நெசவாலைகளில் நாள் முழுதும் உழைத்த பெண்களின் நிலையை 'மூலதனம்' முதற் பாகத்தில் (1867) மார்க்ஸ் பதிவு செய்துள்ளார். தாய் ஆலைக்குச் சென்ற வீடுகளில், அழும் குழந்தை அபினி கலந்த மருந்தினால் உறங்கவைக்கப்பட்டது. இது தொடர்பாக அவர் எடுத்தாளும் சான்றொன்று சிந்தனைக்குரியது. அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தினால் (1861-1865) பருத்தி வரவு தடைப்பட்டு லங்காஷயர் ஆலைகள் மூடப்பட்ட காலத்தில், தொழிலாளரின் உடல்நிலையை ஆராய அரசினால் அனுப்பப்பட்டவர் டாக்டர் எட்வேட் சிமித். வேலையின்மையும் வறுமையும் சூழ்ந்திருந்த அக்காலத்திலேயே, தம் குழந்தைகளுக்குப் பாலூட்டத் தாய்மாருக்கு ஓய்வு கிடைத்தது என அவர் அறிக்கையிட்டார். கூலி நின்றபோதுதான் குழந்தைக்குப் பால் கிடைத்தது என்ற இம்முரண்பாடு, தாயின் அன்பையோ அறியாமையையோ கொண்டு விளக்கக் கூடியதன்று. உழைப்பு நேரம் யாருக்குச் சொந்தமாயிருந்தது என்பதைக் கொண்டே விளக்கப்படுவதாகும்.

குழாய்ப் போத்தலின் விளைவு கொடியது. குழாயின் உட்புறத்தைத் தூய்மை செய்தல் இயலாது. அதனுள் தங்கிய பாலில் கிருமிகள் பெருகின. 1861இல் நூலாக வெளிவந்து நடுத்தர வகுப்பு வீடுகளிற் பெருவழக்குப் பெற்ற இசபெல்லா பீற்றனின் வீட்டு நிருவாக நூல், போத்தலிற் கட்டிய முலைக்காம்பைப் புதியது மாற்றும்வரை கழற்றவேண்டியதில்லை என்று கூறியது. கிருமிக் கோட்பாடு நிலைபெறாத காலம் அது. 'கொலைப் போத்தல்' என்ற பெயரைத் தேடிக்கொண்ட இக்கருவியைப் பிரான்ஸ் 1910இல் சட்டத்தினால் தடைசெய்தது.

1886இல் சொக்ஸ்லெற் என்ற ஜேர்மன் அறிஞர் குழந்தைப் பாலைக் கொதிவெப்பத்தாற் கிருமிநீக்கம் செய்யும் முறையை முன்வைத்தார். கழுவுதற்கு எளிய போத்தல்களும் தொடர்ந்து வந்தன. இம்முன்னேற்றத்தை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. தாயை இழந்த குழந்தைகள் பலரை அது வாழவைத்தது. அதேவேளை, நமது பொருளுக்கு அது மற்றுமொரு வகையில் முக்கியமானது. போத்தலாற் குழந்தை இறந்துகொண்டிருந்த காலத்தில், அதனை எப்பொழுது நிறுத்துவது என்பது பெரும் வினாவாக எழ வாய்ப்பில்லை. போத்தற் குழந்தை உயிர்வாழத் தொடங்கிய பின்னரே, இரண்டு வயதிலும் போத்தலை விடாத குழந்தை ஒரு 'பிரச்சினை' ஆயிற்று. மரணத்தின் இடத்திற்குப் பழக்கம் வந்து சேர்ந்தது.

குடியேற்ற நாடுகளும் பால்மாப் பேணியும்

போத்தலின் வரலாறு அதனுள் ஊற்றப்பட்ட பாலின் வரலாறுமாகும். கெய்ல் போடன் 1856இல் கட்டிப்பாலுக்குக் காப்புரிமை பெற்றார். ஹென்றி நெஸ்லே 1867இல் பாலும் மாவும் சேர்ந்த குழந்தை உணவைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். சில பத்தாண்டுகளுள் இப்பண்டங்கள் குடியேற்ற நாடுகளின் கடைகளை நிறைத்தன. மேற்கில் ஓரளவு தூய நீரோடும் எரிபொருளோடும் சேர்ந்து பரவிய போத்தல், இங்கு அவை இல்லாத வீடுகளுக்குத் தனித்தே வந்தது. விலை உயர்ந்த பேணியைப் பல நாட்களுக்கு நீடிக்கச் செய்ய, பாலில் நீர் மிகுந்தது.

இதன் விளைவை நேரிற் கண்டவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரிக் கழகத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் அவர் ஆற்றிய உரை, குழந்தைகட்குப் பொருந்தாத பாலை விளம்பரத்தினாற் புகுத்துவதைக் கொலையென்றே கொள்ளவேண்டும் என வாதிட்டது. 1974இல் பிரித்தானியாவில் 'குழந்தைக் கொலையாளி' என்ற சிறு வெளியீடு, 1977இல் ஐக்கிய அமெரிக்காவில் தொடங்கிய பொருட் பகிஷ்கரிப்பு ஆகியவற்றின் பின்னர், 1981 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை தாய்ப்பாற் பதிலீடுகளின் விற்பனை பற்றிய சர்வதேச ஒழுக்கக்கோவையை ஏற்றுக்கொண்டது. ஆதரவாக 118 நாடுகள் வாக்களித்தன. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு ஐக்கிய அமெரிக்கா. இக்கோவை பாலை மட்டுமன்றிப் போத்தலையும் முலைக்காம்பையும் தன் வரம்பினுள் அடக்கியமை குறிப்பிடத்தக்கது. இலங்கையும் 1980களின் தொடக்கத்திலேயே தனக்கென ஓர் ஒழுக்கக்கோவையை வகுத்துக்கொண்டது.

நேரம் என்னும் உரிமை

கோப்பை மீண்டும் மருத்துவ உலகின் மதிப்பைப் பெற்றுள்ளது. குறைமாதக் குழந்தைக்குக்கூடச் சிறு கோப்பையாற் பாலூட்ட முடியும் என்பது இன்று ஏற்கப்பட்ட உண்மை. வாய் அகன்ற கோப்பையைக் கழுவுதல் எளிது. கிருமி ஒளிந்திருக்க இடமில்லை. ஆயினும் அது சிந்தும். பழகும் குழந்தை மேலெல்லாம் பாலை ஊற்றிக்கொள்ளும். ஒருவர் அருகிலிருந்து தாங்கவும் துடைக்கவும் பொறுக்கவும் வேண்டும். சந்தை இதற்கும் விடை கண்டுள்ளது. கவிழ்த்தாலும் சிந்தாத, உறிஞ்சினால் மட்டுமே பால் தரும் மூடிக் கோப்பைகள் அவ்விடையாகும். பெயரிற் கோப்பையாயினும், பழைய போத்தலைப் போலவே அவையும் பெரியவரின் கையை விடுவிக்கவே வந்தன.

எனவே போத்தலிலிருந்து கோப்பைக்கு மாறுதல் என்பது, பிரிந்துபோன கையைக் குழந்தைக்கு மீட்டளித்தல் எனக் கொள்ளலாம். அக்கைக்கு நேரம் வேண்டும். 1919ஆம் ஆண்டின் சர்வதேச மகப்பேற்றுப் பாதுகாப்பு உடன்படிக்கை, வேலை நேரத்தினுள் நாளுக்கு இருமுறை அரைமணி நேரம் பாலூட்டுவதற்கு விடப்படவேண்டும் என விதித்தது. இலங்கையின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையுடைய தொழிலாளப் பெண்ணுக்கு நாளுக்கு இரு பாலூட்டும் இடைவேளைகளை வழங்குகின்றது. இவை போராடிப் பெற்ற பேறுகள். ஆனால் குழந்தைக்கு ஒரு வயது நிறைவதோடு இச்சட்ட இடைவேளை முடிந்துவிடுகின்றது. போத்தலை விடுவித்துக் கோப்பையைப் பழக்கவேண்டிய மாதங்களோ ஏறத்தாழ அங்கேதான் தொடங்குகின்றன. மலையில் கொழுந்து பறிக்கும் தாயின் குழந்தை அம்மாதங்களைப் பிள்ளைக்காம்பராவில் கழிக்கின்றது. அங்கு பல குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஒவ்வொரு குழந்தைக்கும் எத்தனை நிமிடம் கோப்பையைப் பிடிக்க முடியும் என்பது, அவளது குணத்தைப் பற்றிய வினாவன்று. தோட்ட நிருவாகம் எத்தனை பேரை அவ்வேலைக்கு அமர்த்துகின்றது என்பதைப் பற்றிய வினாவாகும்.

போத்தலை நிறுத்துமாறு தாய்க்கு அறிவுரை கூறுவோர், அவளுக்குரிய நேரத்தைப் பற்றியும் பேசக் கடமைப்பட்டவராவர். பிள்ளைக்காப்பகங்கள், அவற்றிற் போதிய ஆட்கள், தந்தையும் பங்குகொள்ளும் இல்லம், குழந்தையின் இரண்டாம் ஆண்டையும் கருத்திற்கொள்ளும் தொழிற்சட்டம் ஆகியன இன்றி, கோப்பை ஓய்வுடையோர் வீட்டுப் பண்டமாகவே எஞ்சிவிடும்.